டம்ளரைப் போட்டுவிட்டாள் என்று திட்டுவதற்கு முன்

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் என்னிடம் ஒரே மாதிரியான பிள்ளைகள் வருகிறார்கள். வயது பதினைந்திலிருந்து பதினெட்டுக்குள் இருக்கும். நள்ளிரவு தாண்டிப் படித்துவிட்டு, நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, பல் துலக்கும் இடத்தில் விழுந்திருப்பார்கள். வலிப்பில் கைகால் வெட்டி இழுத்திருக்கும், நாக்கு கடிபட்டிருக்கும். "இதுதான் முதல் தடவை டாக்டர், இதற்கு முன் ஒன்றுமே இல்லை" என்று பெற்றோர் சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான். காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் கை வெட்டி, பிடித்திருக்கும் பொருள் கீழே விழுவதுண்டா?

சென்ற வாரம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பிளஸ் டூ மாணவிக்காக அவளுடைய அப்பத்தா பதில் சொன்னார். "காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தால் பாதி நாள் கொட்டிவிடுவாள் டாக்டர். வயசுப் பிள்ளைக்கு இப்படியா கவனம் இல்லாமல் போகும் என்று நானே தலையில் குட்டியிருக்கிறேன்."

"எத்தனை நாளாக இப்படி, ஆச்சி?"

"போன பங்குனிக்கு முன்னாலிருந்தே இருக்கிறது."

ஏறத்தாழ ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் அவளுக்குக் கிடைத்தவை திட்டும் குட்டும் மட்டுமே. கடைசியில் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது முழு வலிப்பு வந்து, முன்கை வெந்துபோய் வந்து நின்றாள். இந்தக் காயம் வந்திருக்கவே வேண்டியதில்லை. இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு இருப்பது இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு. பெரும்பாலும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் தோளோ கையோ மின்சாரம் தொட்டதுபோல் ஒரு நொடி வெட்டி நிற்கும். நினைவு தப்பாது. பிள்ளைக்கு எல்லாம் தெரியும், பேசவும் முடியும். அதனாலேயே யாரும் இதை வலிப்பு என்று நினைப்பதில்லை, பிள்ளையும் சொல்வதில்லை. டம்ளர் விழும், சீப்பு பறக்கும், பல் துலக்கும் பிரஷ் ஈறில் குத்தும், எழுதும்போது பேனா கோடு இழுக்கும். தூக்கம் கெட்ட மறுநாள் இது கூடும். தேர்வுக் காலம், வீட்டுக் கல்யாணம், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போய்த் தூங்காமல் நடந்த நாட்கள் என்று கேட்டால், பிள்ளைகள் தாமாகவே தேதியோடு சொல்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

இன்னொரு வகையில் வெட்டே இருக்காது. பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை ஐந்து பத்து நொடி அப்படியே நின்றுபோகும், கண் ஓரிடத்தில் நிலைக்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். பள்ளியில் இதற்குப் பெயர் பராக்குப் பார்ப்பது. பராக்குப் பார்க்கும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். இந்தப் பிள்ளை திரும்பாது. ஆசிரியர்கள் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது வகை, மூளையின் ஒரு பகுதியில் தொடங்குவது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறுவதுபோல் இருக்கும். காரணமில்லாத பயம் வரும். இதெல்லாம் முன்பே நடந்ததுபோல் தோன்றும். இல்லாத நாற்றம் அடிக்கும். அப்புறம் ஒன்றிரண்டு நிமிடம் வாயைச் சப்புவார்கள், சட்டைப் பொத்தானைத் திருகுவார்கள், கேட்டதற்குப் பொருந்தாமல் பதில் சொல்வார்கள். தெளிந்த பிறகு நடுவில் நடந்தது நினைவிருக்காது. இந்தப் பிள்ளைகளைத்தான் முதலில் கோயிலுக்கும் தாயத்துக்கும் கூட்டிக்கொண்டு அலைகிறார்கள். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. கொப்புடையம்மன் சந்நிதியில் தாராளமாக விளக்கேற்றுங்கள். அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என்னை மிகவும் சோர்வடைய வைக்கும் வாசகம் ஒன்று உண்டு. "ஸ்கேனும் எடுத்தாயிற்று, இ.இ.ஜி.யும் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். அதனால் வலிப்பு இல்லை என்று விட்டுவிட்டோம்." இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும். கட்டி, தழும்பு, பிறவிக் கோளாறு இருந்தால் தெரியும். மயோக்ளோனிக் வலிப்பில் உருவம் சரியாகத்தான் இருக்கும், கோளாறு மின்னோட்டத்தில் இருக்கிறது. ஆகவே ஸ்கேன் நார்மலாக வருவது எதிர்பார்த்த ஒன்று. இ.இ.ஜி. அந்த மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக அதைப் பதிவு செய்தார். நூறு ஆண்டுகள் ஆகியும் அதன் அடிப்படை வரம்பு மாறவில்லை. பதிவு செய்யும் அந்த அரை மணி நேரத்தில் நடப்பதைத்தான் அது காட்டும். அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் தாள் சுத்தமாக வரும். வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் பதிவு இப்படிச் சுத்தமாகவே வரக்கூடும். அதனால்தான் முதல் நாள் இரவு குறைவாகத் தூங்க வைத்து வரச் சொல்கிறோம், பதிவின்போது தூங்க விடுகிறோம், ஆழமாக மூச்சு வாங்கச் சொல்கிறோம், கண் முன்னே விளக்கை மின்ன விடுகிறோம். தலையில் எண்ணெய் வழிய வந்தால் மின்முனை ஒட்டாது. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஒருமுறைகூட வலிப்பு வராத பிள்ளைக்குத் தலைவலி என்று இ.இ.ஜி. எடுத்து, அதில் ஒரு கூர்முனை தெரிந்தது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுத்திருப்பார்கள். நலமாக இருக்கும் சில பிள்ளைகளுக்கும் அப்படித் தெரிவதுண்டு. நாங்கள் வைத்தியம் செய்ய வேண்டியது பிள்ளைக்கு, காகிதத்துக்கு அல்ல. வலிப்பு நோயை உறுதிப்படுத்துவது முதன்மையாக நடந்ததன் விவரம்தான். பார்த்தவர் சொல்லும் சொல், அனுபவித்த பிள்ளை சொல்லும் சொல், கைப்பேசியில் எடுத்த காணொளி. இவற்றுக்குப் பிறகுதான் பரிசோதனைகள்.

எனவே காணொளி எடுங்கள். ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எந்தக் கை முதலில் ஆடியது, எத்தனை நிமிடம், தெளிய எவ்வளவு நேரம் ஆனது, இவை எனக்கு வேண்டும். அதை உறவினர் குழுவில் அனுப்பாதீர்கள். பிள்ளையின் மானம் அதில் இருக்கிறது.

விழுந்ததெல்லாம் வலிப்பும் அல்ல. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் நின்ற பிள்ளை, கண் இருட்டி, வியர்த்து, முகம் வெளுத்துச் சாய்ந்து, சில நொடி கை கால் துடித்து, படுத்ததும் தெளிந்தால் அது பெரும்பாலும் சாதாரண மயக்கம். ஆனால் ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்தாலும், குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலும் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். முதன்முறை விழுந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். சில நிமிட வேலை, செலவும் குறைவு, உயிரைக் காக்கக்கூடியது. வலிப்பைப் போலவே தோன்றும், மன அழுத்தத்தோடு தொடர்புடைய நிகழ்வுகளும் இந்த வயதில் உண்டு. அந்தப் பிள்ளை நடிக்கவில்லை. அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது, அவ்வளவுதான். "பரீட்சைக்குப் பயந்து நாடகம் ஆடுகிறாள்" என்று என் முன்னால் சொல்லும் பெரியவர்களிடம் நான் கோபப்பட்டுவிடுகிறேன்.

வலிப்புக்குக் காரணம் மூளையில் இருக்கும் நாடாப்புழுவின் கட்டி என்று ஸ்கேனில் வந்தால், "நாங்கள் பன்றிக்கறி தொடுவதே இல்லையே" என்று சைவக் குடும்பங்கள் அதிர்ச்சியடைகின்றன. புழு இருக்கும் மனிதரின் மலத்திலிருந்து வெளியேறும் முட்டைதான் கழுவாத கை வழியாகவும், கழுவாத பச்சைக் கீரை, கொத்தமல்லி வழியாகவும் வயிற்றுக்குள் போகிறது. சைவம் அசைவம் பார்த்து அது வருவதில்லை. மருத்துவம் உண்டு.

இனி, வலிப்பு வரும்போது. இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமாகவே நிற்கும். நீங்கள் சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அது நிற்கிற நேரம் வந்துவிடுகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது, பல்தான் உடையும். கை காலை அமுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், புகட்டாதீர்கள். சுற்றி இருக்கும் கூர்மையான பொருளை விலக்குங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், துடிப்பு அடங்கியதும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி வந்தாலோ, தண்ணீரில் நடந்தாலோ, அடிபட்டாலோ, முதல் தடவை என்றாலோ 108ஐ அழையுங்கள்.

நோய் உறுதியாகும்வரை, உறுதியான பிறகும் கட்டுக்குள் வரும்வரை, ஊருணியிலும் கண்மாயிலும் தனியாக இறங்கக் கூடாது. கிணற்றடிக்குத் தனியே போகக் கூடாது. குளியலறையில் தாழ்ப்பாள் வேண்டாம், சாத்தினால் போதும். இரண்டு சக்கர வண்டி கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான உறுதிமொழிப் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள், அங்கே பொய் எழுத வைக்காதீர்கள். இரவு ஏழெட்டு மணி நேரத் தூக்கம் மாத்திரைக்குச் சமமான மருந்து. தேர்வு என்றாலும் அதில் கை வைக்காதீர்கள்.

சென்ற முறை பக்கத்து வீட்டுப் பையனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கார்பமசெபின், பெனிட்டாயின் போன்றவை ஒருவகை வலிப்புக்கு நல்ல மருந்துகள். மயோக்ளோனிக் வகையில் அவையே வெட்டுகளைக் கூட்டிவிடக்கூடும். நன்றாக வேலை செய்யும் வால்ப்ரோயேட்டோ, பின்னாளில் கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கும் என்பதால் பெண் பிள்ளைகளுக்கு நாங்கள் பலமுறை யோசித்தே எழுதுகிறோம். வகை தெரியாமல் மாத்திரை இல்லை. தொடங்கிய மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் இல்லை.

இத்தனையையும் மூடி மறைக்க வைப்பது கல்யாணப் பயம் என்பது எனக்குத் தெரியும். பெரிய குடும்பம், சொந்தம் சூழ்ந்த ஊர், நாளைக்கு வரன் பார்க்கும்போது யார் என்ன சொல்வார்களோ என்ற கவலை. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வரி 1999இலேயே நீக்கப்பட்டுவிட்டது. சரியான மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பது மட்டும் பொய். வலிப்பு மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் தூரமில்லை.

வரும்போது பழைய சீட்டுகள், ஸ்கேன் படம், காணொளி, எந்தெந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எழுதிய ஒரு நோட்டு ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். நடந்ததை நேரில் பார்த்தவர் கட்டாயம் வர வேண்டும், அது அப்பத்தாவாக இருந்தாலும் பள்ளித் தோழியாக இருந்தாலும். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்று பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, ரிப்போர்ட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு அப்பா தனியாக வருவது இங்கே வாடிக்கையாகிவிட்டது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஐந்து நிமிடம் அவளிடம் நான் தனியாகவும் பேச வேண்டும். உங்கள் முன்னால் சொல்லத் தயங்கியதை அவள் அப்போதுதான் சொல்வாள்.