எட்டு டிராக் பெட்டியில் இரண்டே ஓட்டை

வீட்டில் பாட்டு ரெக்கார்டிங் செய்பவர்கள் கொண்டுவரும் எஸ்டி கார்டை வாங்கி மிக்ஸ் செய்து கொடுப்பது என் தொழிலில் பாதி. போன வருஷம் ஒரு மிருதங்க வாத்தியார் போன் செய்தார். மாணவர்களின் கச்சேரியைத் தன் வீட்டுக் கூடத்திலேயே பதிவு செய்ய ஆசைப்பட்டு ஒரு ரெக்கார்டர் வாங்கியிருக்கிறார். "தம்பி, பெட்டி மேல எட்டு டிராக்னு போட்டிருக்கு. மைக் சொருக ரெண்டு ஓட்டைதான் இருக்கு. மீதி ஆறு எங்கே?"

பெட்டியில் பழுது எதுவும் இல்லை. எட்டு டிராக் என்றால் எட்டுத் தனித்தனிப் பதிவுகளை ஒன்றாக வைத்து ஓட்டிக் கேட்கலாம் என்று அர்த்தம். ஒரே நேரத்தில் எத்தனை மைக்கைப் பதிவு செய்யும் என்பது வேறு கணக்கு. அந்த எண் பெரும்பாலும் அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும்.

டாஸ்காம், ஜூம் என்ற இரண்டு கம்பெனிகளின் பெட்டிகளைப் பாருங்கள். டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் 8 டிராக் கருவி, ஒரே நேரத்தில் பதிவாவது 2. ஜூம் ஆர்8-ம் அப்படியே. ஜூம் ஆர்16-இல் 16 டிராக், ஒரே நேரத்தில் 8. டாஸ்காம் டிபி-24எஸ்டியில் 24, டிபி-32எஸ்டியில் 32; ஆனால் இரண்டிலுமே ஒரே நேரத்தில் 8தான். 24-க்கும் 32-க்கும் நடுவே மண்டையைக் குழப்பிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பதிவு செய்கிறவர்களில் பாதிப் பேர் பத்து டிராக்கைக்கூட நிரப்புவதில்லை.

இரண்டு உள்ளீடு மட்டும் வைத்துச் செய்வதும் தப்பில்லை. 1979-இல் கேசட்டில் நான்கு டிராக் பதியும் போர்ட்டாஸ்டுடியோ வந்ததிலிருந்து இந்த வகைப் பெட்டிகளின் முதல் வாடிக்கையாளர், தனியாக உட்கார்ந்து பாட்டுக் கட்டுகிறவர்தான். முதலில் கிட்டார், அதைக் கேட்டுக்கொண்டே குரல், அப்புறம் கீபோர்டு என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார். அவருக்கு இரண்டு ஓட்டை தாராளம்.

கர்நாடகக் கச்சேரியில் இந்த வழி எடுபடாது. கல்பனாஸ்வரத்தில் பாடகர் என்ன போடுவார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. வயலின் அதைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும், மிருதங்கம் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். மூவரையும் மூன்று நாளில் தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் சுருதி சேரும், தாளம் சேரும், கச்சேரி மட்டும் சேராது. எனவே ஒரே நேரத்தில் எத்தனை மைக் என்று விரல் விட்டு எண்ணுங்கள். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு வலது முகமான வலந்தலையில் ஒன்றும் இடது முகமான தொப்பியில் ஒன்றும், கஞ்சிராவோ கடமோ இருந்தால் இன்னொன்று. ஐந்து ஆகிவிட்டது. ஆறாவது தம்புராவுக்கு. எலெக்ட்ரானிக் தம்புராவைக் கூடத்தில் அலற விடாதீர்கள். அது எல்லா மைக்கிலும் கசிந்து போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் நான் என்ன செய்தாலும் குறையாது. அதன் வயரை நேரே ரெக்கார்டரில் சொருகி, வாசிப்பவர்களுக்கு ஹெட்போனில் கொடுங்கள்.

எண்ணி முடித்ததும் இன்னொரு முறை எண்ண வேண்டியிருக்கிறது. கண்டென்சர் மைக் வேலை செய்ய 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது ரெக்கார்டரிலிருந்து மைக் வயர் வழியாகவே போகும் மின்சாரம், வேண்டும். ஜூம் ஆர்16-இல் எட்டு ஓட்டை இருந்தாலும் அந்த 48 வோல்ட் வருவது 5, 6 என்ற இரண்டில் மட்டும். நான்கு கண்டென்சர் மைக் வாங்கி வைத்துவிட்டு இதைக் கண்டுபிடிப்பது துக்கம். குரலுக்கும் வயலினுக்கும் அந்த இரண்டைக் கொடுத்துவிட்டு, மிருதங்கத்துக்கு ஃபாண்டம் தேவைப்படாத டைனமிக் மைக் வைத்தால் ஒழுங்காகவே வரும். வீணையிலோ கிட்டாரிலோ ஒட்டும் பிக்கப் இருந்தால், ஹை-இசட் என்று சுவிட்ச் உள்ள ஓட்டையில் சொருகுங்கள். சாதாரண லைன் ஓட்டையில் சொருகினால் ஒலி மெலிந்து, தகர டப்பாவைத் தட்டியதுபோல் கேட்கும்.

24 பிட்டில் பதிவு செய்யும் கருவி என்றால் பயமில்லாமல் லெவலைக் குறைத்து வைக்கலாம். கருவியின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். லெவல் பார்க்கும்போது மிருதங்கக்காரர் மரியாதையாக வாசிப்பார். தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தால் அதே கை இரண்டு மடங்கு பலமாக இறங்கும். சிவப்பு விளக்கு எரிந்த சாப்பு திரும்பி வராது. இப்போது ஜூம் ஆர்4 போன்றவற்றில் 32 பிட் ஃப்ளோட் வந்திருக்கிறது. லெவல் தப்பினாலும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம், நல்ல வசதிதான். ஆனால் மின்விசிறிச் சத்தத்தையும் குக்கர் விசிலையும் எத்தனை பிட்டும் எடுக்காது. பணம் குறைவாக இருந்தால் ரெக்கார்டரில் ஒரு படி இறங்கி வாங்கி, மிச்சத்தில் நல்ல மைக்கும் காதை முழுக்க மூடும் ஹெட்போனும் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்லும் பாவத்துக்கும் நான்தான் ஆளாகிறேன்.

கார்டு கணக்கு சுலபம். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 8 எம்பி. ஆறு டிராக்கில் இரண்டு மணி நேரக் கச்சேரி 6 ஜிபிக்குள் அடங்கிவிடும். பல கருவிகள் 32 ஜிபிக்கு மேல் ஏற்பதில்லை; பெரிய கார்டு வாங்கிப் பிரயோஜனமும் இல்லை. கார்டை ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஸ்டாப் அழுத்திய பிறகுதான் கருவி கோப்பை முடித்து மூடும். நடுவில் கரண்ட் போனால் அதுவரை பாடியது தொலையலாம். பேட்டரியிலும் ஓடும் கருவியை நான் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், உறுமல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் அது எல்லா டிராக்கிலும் 'ம்ம்ம்' என்று தனிச் சுருதி பிடிக்கும். அடாப்டரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் கோளாறு அடாப்டரிலோ வீட்டு வயரிங்கிலோ. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உறுமலை நிறுத்த பிளக்கின் மூன்றாவது பின்னை ஒடித்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், மைக்கில் வாய் வைத்துப் பாடுகிறவரின் உயிர் அதில் இருக்கிறது. பையன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டி என்றால், அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள். வெறும் 120 என்றிருந்தால் நம் 230-இல் புகைதான்.

பழைய கருவி மலிவாகக் கிடைத்தால் ஒரே ஒரு கேள்வி: டிராக்குகள் எந்தக் கணினியிலும் திறக்கும் வேவ் கோப்பாக வெளியே வருமா? ரோலண்ட் விஎஸ்-880 1996-இல் வந்த அருமையான எந்திரம். ஆனால் தன் சொந்த வடிவத்தில், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கில் எழுதும். அதிலிருந்து எட்டு டிராக்கையும் உருவி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிருக்கிறது எனக்கு.

லேப்டாப் இருக்கிறதே, ரெக்கார்டர் எதற்கு என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எடிட்டிங்குக்கு லேப்டாப் பக்கத்தில் எந்தப் பெட்டியும் நிற்க முடியாது. தனியாகப் பாட்டுக் கட்டுகிறவருக்கு மைக்கை லேப்டாப்போடு இணைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸும் லேப்டாப்பும்தான் இன்று என் சிபாரிசு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் மட்டும், அப்டேட் கேட்காத, விசிறி சுற்றாத, சிவப்புப் பொத்தான் ஒன்று உள்ள பெட்டி எனக்கு நிம்மதி. ஆர்16 போல யூஎஸ்பியில் இன்டர்ஃபேஸாகவும் மாறும் கருவி கிடைத்தால் இரண்டும் ஒன்றில் தீர்ந்தது.

வாத்தியாரின் பெட்டியைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சரி, இருக்கிற இரண்டு ஓட்டையை வைத்தே செய்வோம் என்று இரண்டு மைக்கையும் ஜோடியாக முன்னால் நிறுத்தினோம். மைக்கை நகர்த்தாமல் ஆட்களை நகர்த்தினோம். பாடும் பெண் மூன்றடியில், வயலின் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி, மிருதங்கம் ஏழடி பின்னால். பின்னால் போக வாத்தியாருக்கு மனசே இல்லை. மூன்றாவது முறை ஒலிச் சமநிலை வந்துவிட்டது. பதிவை வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டார். தனி ஆவர்த்தனத்தை முடித்துவைக்கும் கோர்வை முடியும் இடத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் விழுந்திருக்கிறதாம். வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், தாளத்தோட முதல் அடியில, சரியா சமத்துல விழுந்திருக்கு" என்றார்.