8-ம் 9-ம் வராத காகிதக் கட்டு

இன்றைய ரவுட்டருக்குத் தாத்தா, 1969-ல் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் வந்திறங்கிய, பீரோ அளவுள்ள 'இம்ப்'. ஹனிவெல் டிடிபி-516 கம்ப்யூட்டருக்கு பிபிஎன் நிறுவனத்தார் நிரல் எழுதி அதை, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பின் முதல் கணுவாக்கினார்கள். மெமரி மொத்தம் 12 கே சொற்கள், அதாவது 24 கிலோபைட். வாட்ஸாப்பில் வரும் காலை வணக்கம் படமே இதைவிடப் பெரிதாக இருக்கும்!

அர்பாநெட்டை 1990-ல் மூடிவிட்டார்கள். இம்பின் நிரலை மறுபடி ஓடவைக்க நினைத்தவர்களுக்குக் கடைசியில் கைக்கு வந்தது 1970-களின் தொடக்கத்தில் எடுத்த ஒரு பிரிண்ட் அவுட். சரி, ஸ்கேன் பண்ணித் தட்டச்சு செய்தால் முடிந்ததா? ஒரு எழுத்து தப்பினாலும் நிரல் படுத்துவிடுமே.

இங்கேதான் அந்தக் காகிதம் கைகொடுக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரே கட்டளை இரண்டு விதமாக அச்சாகியிருக்கும்: இடப்பக்கம் இயந்திர எண், வலப்பக்கம் மனிதர் எழுதிய சொல். எண்கள் எட்டடிமானம், அதனால் 0 முதல் 7 வரைதான் வரும். மங்கிப்போன 3-ஐ 8 என்று படித்தால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். 5-க்கும் 6-க்கும் குழப்பம் வந்தால்? 005671 என்றால் எல்டிஏ, மெமரியிலிருந்து எண்ணை எடு என்று பொருள். 006671 என்றால் ஏஎன்ஏ, இரண்டு எண்களிலும் 1 இருக்கும் பிட்டை மட்டும் வைத்துக்கொள் என்று பொருள். பக்கத்தில் எல்டிஏ என்று அச்சாகியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. தட்டச்சு செய்ததை, சொற்களை இயந்திர எண்ணாக மாற்றும் அசெம்ப்ளரில் கொடுத்து, வரும் எண்களைக் காகிதத்தோடு ஒப்பிட்டால் தப்பான வரி தானாகத் தலைகாட்டும். மனிதர் படிப்பதற்காக எழுதிய குறிப்புரைகளுக்கு மட்டும் இந்தக் காவல் கிடையாது, அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் இயந்திரம் வேண்டுமே. சிம்எச் என்ற எமுலேட்டர் ஹனிவெல் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும், ஆனால் இம்புக்கென்றே செய்த மோடம் இணைப்பும், நிரல் தொங்கிப்போனால் தட்டியெழுப்பும் காவல் கடிகாரமும் முதலில் அதில் இருக்கவில்லை. எனக்கு இந்த வேலைதான் கடினமானதாகத் தெரிகிறது. நிரல் எந்த நொடியில் எந்தச் சிக்னலை எதிர்பார்க்கிறதோ, அதையெல்லாம் பழைய ஆவணங்களிலிருந்து பிடித்து எழுத வேண்டும். பழைய பிபிஎன் ஆட்களும் ஆர்வலர்களும் சேர்ந்து அதைச் செய்து, நிரலை ஓடவும் வைத்துவிட்டார்கள்.

அன்று ஊருக்கு ஊர் இம்புகளை இணைத்தது 50 கிலோபிட் வாடகை லைன். எமுலேட்டரில் அந்த லைனுக்குப் பதில், இன்றைய இணையத்தில் தகவலைப் பொட்டலமாக அனுப்பும் முறைகளில் ஒன்றான யுடிபியின் பாக்கெட்டுகள் போகின்றன. யுடிபி 1980-ல்தான் பிறந்தது, தாத்தா இப்போது பேரன் தோளில் சவாரி.