கோடீன் சிலருக்கு வெறும் மாத்திரை, சிலருக்கு ஆபத்து

கோடீன் சாப்பிட்டவர் திரும்பி வந்து, “வலி அப்படியேதான் இருக்கு டாக்டர்” என்று சொன்னால், ஆரம்ப காலத்தில் எனக்குச் சந்தேகம்தான் வரும். அபினி வகை மருந்தாயிற்றே, இன்னும் கேட்டு வாங்கத்தான் சொல்கிறாரோ என்று. இப்போதெல்லாம் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கோடீனுக்கென்று பெரிய வலிநிவாரண சக்தி கிடையாது. கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி அதில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதத்தை மார்பீனாக மாற்றுகிறது. வலியைத் தணிப்பது அந்த மார்பீன்தான். இந்த நொதிக்கான மரபணு சிலரிடம் செயலிழந்திருக்கும். அவர்கள் கோடீன் போடுவதும் ஒன்று, போடாததும் ஒன்று. வேறு சிலரிடம் அந்த மரபணு கூடுதல் பிரதிகளாக இருக்கும். மார்பீன் மளமளவென்று உருவாகும். வழக்கமான அளவிலேயே எழுப்ப முடியாத தூக்கம், மந்தமான மூச்சு.

டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் இப்படி இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013இல் கடுமையாக எச்சரித்தது. 2017இல் 12 வயதுக்குட்பட்டோருக்குக் கோடீனே கூடாது என்றது. இதே நொதியை நம்பியிருக்கும் டிராமடால் என்ற வலி மருந்துக்கும் அதே தடை. பாலூட்டும் தாய்மார்களுக்கும் இரண்டும் வேண்டாம் என்றது, பால் வழியாகக் குழந்தைக்குப் போய்விடும் என்பதால்.

சரி, மரபணு ஒழுங்காக இருந்தால்? அப்போதும் ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் இந்த நொதியை முடக்கிவிடும். முதுகுவலியோடு வந்த ஒருவர் அவற்றில் ஒன்றைச் சாப்பிடுவதைச் சொல்லவே இல்லை. வலிக்கு என்ன சம்பந்தம் என்று நினைத்தாராம்! வலி மாத்திரையை மாற்றினோம். இதைப் படித்துவிட்டு யாரும் மனச்சோர்வு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். கோடீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், முடங்கிய நொதி மீண்டும் விழித்து, மார்பீன் ஏறும்.

அப்புறம், சில இருமல் மருந்துகளிலும் கோடீன் இருக்கிறது. குழந்தைக்கு ஊற்றும் முன் லேபிளைப் படியுங்கள்.

கோடீன் எடுத்தவர் அசந்து கிடந்தால், கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால், மூச்சு இடைவெளி விட்டு வந்தால், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து ஆளை எழுப்பிவிடும். ஆனால் அதன் வேகம் மார்பீனுக்கு முன்பே அடங்கிவிடலாம். அதனால் எழுந்து பேசுகிறாரே என்று உடனே வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள்.