நியூமோதோராக்ஸ்: வெடிப்பும் அல்ல, வளிமார்பும் அல்ல

‘30 வாரத்தில் பிறந்த குழந்தை, நிமோனியா முற்றி நுரையீரல் வெடித்தது.’ இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை முறை படிப்பது? டாக்டர் சொன்னது நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலிலிருந்து கசிந்த காற்று அதைச் சுற்றித் தேங்குவது. அதை வெடிகுண்டு ஆக்கியவர் மொழிபெயர்ப்பாளர்.

கிரேக்கத்தில் நியூமா காற்று, தோராக்ஸ் மார்பு. 1803இல் பிரெஞ்சு மருத்துவர் இடார் இட்ட பெயர்.

நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் சுரப்பு. குறைமாதக் குழந்தைக்கு அது ஏற்கெனவே போதாது. இருப்பதையும் நிமோனியா கெடுக்கும். சளி அடைத்த குழாய்வழியே காற்று உள்ளே போகும், வெளியே வராது. உப்பிய பையில் பொடிக் கிழிசல் விழும். கசிந்த காற்று நுரையீரலைப் போர்த்திய இரட்டை உறைக்கு நடுவே தேங்கி, நுரையீரலை அமுக்கும். அறையை இருட்டாக்கிக் குளிர்விளக்கை நெஞ்சில் வைத்தால், காற்று நிறையத் தேங்கிய பக்கம் செக்கச்செவேலென்று ஒளிரும். மூச்சு முட்டினால் ஊசியால் காற்றை உறிஞ்சுவார்கள். மறுபடி தேங்கினால் குழாய் செருகி அதன் மறுமுனையை நீருக்குள் விடுவார்கள், குமிழி குமிழியாக வரும். கிழிசல் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ‘வெடித்தது’ என்று கேட்ட தாய்க்கு இது எப்படிப் புரியும்?

தனித்தமிழ் அன்பர்கள் ‘வளிமார்பு’ என்கிறார்கள். எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும். ஆனால் இது கிரேக்கத்துக்குத் தமிழ்ச்சட்டை மாட்டியதுதான். நல்ல மார்புக்குள்ளும் காற்று இருக்கிறதே, அதுவும் வளிமார்பா? நோயே காற்று இடம் மாறியதில்தான் இருக்கிறது, அந்த இடத்தை இச்சொல் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, மருத்துவத் தமிழில் வளி என்றால் வாதம். ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று குறளே (941) சொல்கிறது. சித்த மருத்துவம் அறிந்தவர் வாயுப்பிடிப்பு என்று நினைத்தால் குற்றம் அவருடையதல்ல. அகராதியில் இரண்டு சொல்லைத் தேடி ஒட்டுவதைக் கலைச்சொல்லாக்கம் என்கிறோம். நோயை ஒருமுறை எட்டிப் பார்ப்பதில்லை.

என் சொல் ‘நுரையீரல் உறைக்காற்று’. நிமோனியாவில் அதே இடத்தில் சீழ் கட்டினால் ‘உறைச்சீழ்’ என்றும் சொல்லலாம். டாக்டர், ‘உறைக்காற்றை எடுக்கிறோம்’ என்றால் சிகிச்சையும் பாதி விளங்கிவிடும்.

‘உறைந்த காற்றா?’ என்று ஒருவர் மடக்கினார். அந்தப் பொருளில் வந்தால் அது வினைத்தொகை ஐயா, ‘உறைகாற்று’ என்றுதான் வரும். நடுவில் ‘க்’ நிற்பதைப் பாருங்கள்.