போர்ட் என்றால் துறை, துறைமுகம் அல்ல

போர்ட்: ஒரே கணினி முகவரியில் இயங்கும் சேவைகளைப் பிரித்தறிய இடும் எண். 0 முதல் 65535 வரை. தமிழில் துறை.

ஆங்கில ஒலி ஒன்று. அதன் பின்னால் நிற்கும் இலத்தீன் வேர்கள் மூன்று. போர்ட்டுஸ் துறைமுகம், போர்ட்டா வாயில், போர்ட்டாரே சுமத்தல். கணினிப் போர்ட் வாயிலின் வழி வந்தது. அப்படியானால் 'வாயில்' என்பதல்லவா சரி? வேரைப் பார்த்தால் சரிதான். ஆனால் தமிழில் துறை என்பது நீரில் இறங்கும் இடம். திருகோணமலையில் துறைமுகம் ஒன்று, அதனுள் இறங்குதுறைகள் பல. ஐபி முகவரி துறைமுகம் என்றால் போர்ட் அதிலுள்ள ஓர் இறங்குதுறை. 'துறைமுக எண்' என்று எழுதுவதுதான் பிழை.

ஹைக்குவை எடுத்துக்கொள்வோம். பீஓஎஸ் என்ற பழைய முறைமையின் வழியில் 2001இல் தொடங்கிய, சிலரே பயன்படுத்தும் பணிசெயல் முறைமை. வீட்டுக் கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக இயக்கும் கியூஎமுவுக்குள் அதை ஓடவிட்டு, நிலாவெளியில் இருந்தபடி மேலோடியில் திறக்க இரண்டு துறைகள் வேண்டும். கியூஎமு தன் திரையை, தொலைவிலிருந்து பார்க்க உதவும் விஎன்சி வழியே 5900இல் தரும். மேலோடிக்கோ வெப்சாக்கெட் என்ற இணைப்பு முறை மட்டுமே பேச வரும். ஆகவே நடுவில் வெப்சாக்கிஃபை என்ற இடைநிரல்: 6080இல் ஏற்றி 5900இல் இறக்கும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவில் ஓடிய 'பாதை' என்ற படகுக்கும் இதே தொழில்தான். மேலோடியில் படம் வரைவது நோவிஎன்சி.

சறுக்குவது பெரும்பாலும் எண்ணில். கியூஎமுவின் விஎன்சி தெரிவில் முக்காற்புள்ளிக்குப் பின் வருவது துறை எண் அல்ல, திரை எண். அதோடு 5900 கூட்டப்படும். 1 என்றால் 5901. அங்கே 5901 என்றே எழுதிவிட்டால் சேவை 11801இல் போய் நிற்கும், வெப்சாக்கிஃபை ஆளில்லாத துறையில் காத்திருக்கும். 6080க்குப் பதில் 6000 வைத்தால் குரோம் திறக்கவே மறுக்கும். அது எக்ஸ் சாளர முறைமைக்குரிய துறை, தடைப்பட்டியலில் உள்ளது. பக்கம் குறியாக்கத்தோடு எச்டிடிபிஎஸ்ஸில் வந்து வெப்சாக்கெட் குறியாக்கமின்றி இருந்தாலும் இணைப்பு மறுக்கப்படும். சுட்டி விலகி ஓடினால் துறையைக் குறைசொல்ல வேண்டாம்: கியூஎமுவில் யுஎஸ்பி டேப்லட் என்ற போலிச் சுட்டுக் கருவியைச் சேருங்கள்.

5900ஐ வெளியே திறக்கவே கூடாது. விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளையே பார்க்கும். திரையும் குறியாக்கமின்றிப் போகும். இரண்டு சேவைகளையும் அந்தக் கணினிக்குள் மட்டுமே எட்டும் 127.0.0.1இல் கட்டிவிட்டு, 6080ஐ எஸ்எஸ்எச் என்ற குறியாக்கச் சுரங்கத்தின் வழியே எடுங்கள்.

ஹைக்குக்காரர் 'ஹைக்குபோர்ட்ஸ்' என்பார்கள். அது மூன்றாம் வேர்: வேறு முறைமைக்கு எழுதிய மென்பொருளை இங்கே சுமந்து வருவது. அதற்குத் துறை பொருந்தாது. பெயர்ப்பு என்று எழுதலாம்.