ஃபியட் பணம்: 'காகிதப் பணம்' அன்று, 'ஆணைப் பணம்'

பொன்னை ஈடாகக் கொண்ட நாணயம் சிறந்ததா, ஈடில்லாமல் அரசு வெளியிடும் தாள் சிறந்ததா என்ற வாதம் எழும்போதெல்லாம் 'ஃபியட் பணம்' என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. தமிழில் எழுதுவோர் பலர் இதனைக் 'காகிதப் பணம்' என்று பெயர்த்துவிடுகின்றனர். அது பொருந்தாத பெயர்.

ஃபியட் என்பது இலத்தீன் வினைச்சொல். 'ஆகுக' என்பது அதன் நேர்ப்பொருள். நம் இலக்கணப்படி சொன்னால் வியங்கோள் வினைமுற்று. உலகத் தொடக்கத்தில் இறைவன் ஒளியைப் படைக்கும் வாக்கு இலத்தீன் விவிலியத்தில் 'ஃபியட் லூக்ஸ்' என்று இருக்க, கத்தோலிக்கரின் தமிழ் விவிலியத்தில் 'ஒளி தோன்றுக' என்று அதே வியங்கோளில் நிற்கிறது. மேலிடம் 'ஆகுக' என்றவுடன் ஆகிவிடுவது என்னும் இக்கருத்தே ஆங்கிலத்தில் ஆட்சியாளரின் ஆணையையும், பின்னர் அரசு சொன்னதனாலேயே செல்லுபடியாகும் பணத்தையும் குறிக்கலாயிற்று. (நம் சாலைகளில் ஓடிய ஃபியட் காருக்கும் இதற்கும் உறவில்லை, அது தூரின் நகரத்து நிறுவனம் ஒன்றின் பெயரிலுள்ள முதலெழுத்துகளின் சேர்க்கை.)

'காகிதம்' என்ற அடைமொழி ஏன் தவறு என்பதற்கு டாலரே சான்று. நாடுகளின் நாணய மதிப்புகளை நிலைப்படுத்த 1944ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பிரெட்டன் உட்ஸ் உடன்பாட்டின்படி, ஓர் அவுன்சு பொன்னுக்கு 35 டாலர் என்ற விகிதத்தில் அயல்நாட்டு மைய வங்கிகள் தம் டாலரைப் பொன்னாக மாற்றிக்கொள்ள முடிந்தது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் அந்த வாயிலை மூடினார். முந்தைய நாளும் டாலர் காகிதம்தான், மறுநாளும் காகிதம்தான். போனது பொன்னாக மாற்றித் தரும் கடப்பாடு மட்டுமே. மறுபுறம், இன்று நம் கையிலுள்ள எஃகு நாணயம் காகிதமன்று. ஆயினும் அது ஃபியட் பணமே.

நாட்டுக் கடனைப் பேசும்போது இந்த வேறுபாடு கூர்மையடைகிறது. முதல் உலகப் போருக்காகச் செருமனி தன் மக்களிடம் வாங்கிய கடன், பொன்னாக மாற்றித் தரப்படாத அந்நாட்டு நாணயமான காகித மார்க்கில் இருந்தது; 1923இல் ஒரு டாலர் 4.2 இலட்சம் கோடி மார்க்கைத் தொட்டபோது, கடன்பத்திரம் வைத்திருந்தவரின் சேமிப்போடு அக்கடனும் ஏறக்குறைய இல்லாமலானது. ஆனால் வென்ற நாடுகள் விதித்த போர் இழப்பீடு, பொன்னின் மதிப்போடு கட்டுண்ட பொன் மார்க்கில் கணக்கிடப்பட்டிருந்ததால், எவ்வளவு அச்சடித்தும் அது கரையவில்லை. ஆணையால் பிறந்த பணத்தில் பட்ட கடனை ஆணையாலேயே நீர்க்கச் செய்யலாம். பொன்னில் பட்ட கடனுக்கு அந்த வழி இல்லை.

ஆகவே 'ஆணைப் பணம்' என்பதே தகுந்த தமிழ். 'அரசாணைப் பணம்' எனலாம்தான், ஆனால் 'அரசாணை' என்றதும் எண்ணும் தேதியும் இட்ட தலைமைச் செயலகத் தாளே நினைவுக்கு வரும். 'வெற்றுப் பணம்' என்பது விளக்கமன்று, தீர்ப்பு. எதிர்ப்பக்கத்துக்குப் 'பொன்னீட்டுப் பணம்' எனலாம். 'பணம்' என்ற சொல்லே ஒருகாலத்தில் தென்னாட்டில் வழங்கிய சிறு பொற்காசின் பெயர் என்பதும், ஐரோப்பியர் அதைத்தான் 'ஃபனம்' என்றனர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. பொன்னின் பெயரை இப்போது தாள் சுமக்கிறது.

நம் நூறு ரூபாய்த் தாளில், கொண்டுவருபவருக்கு நூறு ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் உறுதி கூறிக் கையொப்பமிட்டிருக்கிறார். கொண்டுபோய்க் கேட்டால் வேறு தாள்களோ நாணயங்களோதான் கிடைக்கும், பொன் கிடைக்காது. இந்திய அரசே வெளியிட்டு நிதித்துறைச் செயலர் கையொப்பமிடும் ஒரு ரூபாய்த் தாளில் அந்த உறுதிமொழியும் இல்லை.