நிறம் போனால் உப்பும் போய்விடுமா?

மறுபடியும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் நொய்யல் ஆற்றுத் தண்ணீர் வந்திருக்கிறது எங்கள் ஆய்வகத்துக்கு. "போன மாசம் செவப்பா ஓடுச்சுங்க, இப்பத் தெளிஞ்சிருச்சு. சாயத் தண்ணி நின்னுருச்சுங்களா?" என்று கேட்கிறார்கள்.

தெளிவை வைத்து எதையும் சொல்ல முடியாதுங்க. எத்தனை முறைதான் சொல்வது? பருத்தியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும். உப்பைத் துணி எடுத்துக்கொள்ளாது; அத்தனையும் கழிவுநீரில்தான். அதில் சுண்ணாம்பும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) போட்டால் நிறம் வண்டலாக இறங்கி, மேலே பளிங்கு மாதிரித் தண்ணீர் நிற்கும். உப்பு கரைந்தபடியே இருக்கும். வடிகட்டினாலும் போகாது. காய்ச்சினால் இன்னும் கரிக்கும்.

நொய்யலின் குறுக்கே இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையைப் பாருங்கள். பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்தது. அங்கே தேங்கிய உப்புத் தண்ணீர் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் கெடுத்தது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்கு நடத்தித்தான், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

வெளியேற்றும் கழிவுநீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வாராவாரம் ஒரே இடத்தில் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஆனால் அது உப்பைத்தான் காட்டும். தோல் பதனிடும் ஆலைக் கழிவில் வரும் குரோமியம் என்ற உலோகத்தை அதில் தேடாதீர்கள்.

கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம். ஒட்டியிருக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஏறும், மாதிரியே தப்பு என்று சொல்ல எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். ஆய்வகத்தில் பாட்டில் கேளுங்கள், சும்மாவே தருவோம். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

அப்புறம், நீங்கள் எடுத்த மாதிரி புகாருக்கு உதவும். தண்டனைக்கு அது மட்டும் போதாது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி ஆலைக்கு அறிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரை வைத்து எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் போடுவதற்கு முன், அவரை வரவழைக்க எழுத்தில் புகார் கொடுங்கள். வாரியம் அசையவில்லையா? 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றம் போக 49-ஆம் பிரிவு இடம் தருகிறது.

மழை ராத்திரியில் கழிவுநீரைத் திறந்துவிடுகிறார்கள் என்று ஓடைக்குத் தனியாக மட்டும் இறங்காதீர்கள். தயவுசெய்து.